கிலோவாட் வேறு, யூனிட் வேறு

2012-ல் சென்னையைத் தாண்டிவிட்டால் தமிழ்நாட்டின் பல ஊர்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு. மாநிலத்தில் அப்போது இருந்த சோலார் நிலையங்கள் எல்லாவற்றையும் கூட்டினாலும் 20 மெகாவாட் தேறாது. அந்த அக்டோபரில்தான் அரசு சூரியசக்திக் கொள்கையை வெளியிட்டு, 2015-க்குள் 3,000 மெகாவாட் என்று இலக்கு வைத்தது. 2015 மார்ச்சில் அதில் பத்தில் ஒரு பங்குகூட வந்திருக்கவில்லை. ஆனால் அடுத்த ஒரே ஆண்டில் ஆயிரத்தைத் தாண்டியது. 2025 மார்ச்சில் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது.

பெருமைப்பட வேண்டிய வளர்ச்சிதான். ஆனால் இந்த 10,000 என்பது பேனலின் முதுகில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள எண்களின் கூட்டுத்தொகை. சோதனைக்கூடத்தில், 25 டிகிரி சூட்டில், சதுர மீட்டருக்கு 1,000 வாட் வெளிச்சம் விழும்போது அந்தப் பேனல் எவ்வளவு தரும் என்பதுதான் அது. நம் வீட்டு மாடியில் அந்த நிலைமை வருவதே அபூர்வம். தமிழ்நாட்டில் ஒரு கிலோவாட் பேனல் ஆண்டுச் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும். ஒரு கிலோவாட் 24 மணி நேரமும் ஓடினால் 24 யூனிட் வர வேண்டும். வருவது ஆறில் ஒரு பங்கு. ராத்திரியும் மேகமும் எடுத்துக்கொள்வதை நாம் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் அந்த 4 யூனிட்டே பல மாடிகளில் மூன்றாகவும் இரண்டரையாகவும் சுருங்குகிறது. அது எங்கே போகிறது என்பது தெரிந்த விஷயம். பெரும்பாலும் தடுக்கக்கூடியதும்கூட.

முதலில் பெரிய நிலையங்கள். ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் அதானி நிலையம் வந்தது. சுமார் 2,500 ஏக்கர், 25 லட்சம் பேனல், எட்டு மாத வேலை. ஒரே இடத்தில் அமைந்த சோலார் நிலையங்களில் அன்றைக்கு உலகிலேயே பெரியது அதுதான். ஒரு மெகாவாட்டுக்கு ஏறத்தாழ நாலு ஏக்கர் என்ற கணக்கு அங்கே அப்படியே பொருந்துவதைப் பார்க்கலாம். சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்த மானாவாரி பூமி, மழை குறைவு, தென்மேற்குப் பருவக்காற்றில் கோவையும் தேனியும் மூட்டமாக இருக்கும்போதும் இங்கே வெயில் அடிக்கும். ராமநாதபுரம், தூத்துக்குடி, விருதுநகர் பக்கம் சோலார் குவிந்ததற்கு இதுதான் காரணம்.

கமுதி மின்சாரத்தை மின்வாரியம் யூனிட் 7.01 ரூபாய்க்கு வாங்க ஒப்பந்தம் போட்டது. 2017-ல் 1,500 மெகாவாட்டுக்கு ஏலம் விட்டபோது 3.47-க்கு வந்து நின்றது. பேனல் விலை சரிந்தது ஒரு காரணம். விலையை மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிப்பதை விட்டு, யார் குறைத்துத் தருவார்கள் என்று கேட்டது இன்னொரு காரணம். வீட்டு மாடிக்கு சோலார் கட்டுப்படியாகும் நிலை வந்ததும் அதே பேனல் விலைச் சரிவால்தான்.

மாடியில் எத்தனை கிலோவாட் போடலாம் என்று கேட்டால் 'இடம் இருக்கிற அளவுக்கு' என்று சொல்கிறவர்கள் உண்டு. தமிழ்நாட்டு வீட்டுக்கு அது சரியான பதில் கிடையாது. இங்கே இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். பிறகு படிப்படியாக ஏறும். 2024 ஜூலைக் கட்டணப்படி 400 யூனிட் வரை 4.80, அடுத்த நூறுக்கு 6.45, அதற்கடுத்த நூறுக்கு 8.55, 601 முதல் 800 வரை 9.65, அதற்கு மேல் 10.70, ஆயிரம் தாண்டினால் 11.80. இரண்டு மாதத்தில் 500 யூனிட்டுக்குள் நின்றால் 101-லிருந்து 200 வரைக்கு இந்த 4.80-ஐவிடக் குறைந்த சலுகை விலை உண்டு; 500-ஐத் தாண்டினால் அதுவும் போய்விடும்.

இரண்டு மாதத்துக்கு 800 யூனிட் ஓடும் வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். பில் 4,870 ரூபாய். அங்கே 2 கிலோவாட் சோலார் போட்டால் அறுபது நாளில் 480 யூனிட் வரும். நெட் மீட்டரில் (லைனுக்குக் கொடுத்ததை, வாங்கியதிலிருந்து கழிக்கும் மீட்டர்) கழித்தது போக மிச்சம் 320. சலுகை விலையும் திரும்பக் கிடைப்பதால் பில் ஆயிரத்தைத் தொடாது. அதாவது முதல் இரண்டு கிலோவாட் நாலாயிரம் ரூபாயை மிச்சப்படுத்துகிறது. மூன்றாவது கிலோவாட்டையும் போட்டால் மிச்சம் 80 யூனிட், பில் பூஜ்யம். ஆனால் அந்த மூன்றாவது கிலோவாட் மிச்சப்படுத்தியது எண்ணூறு ரூபாய் சொச்சம்தான். சோலார் வெட்டுவது பில்லின் உச்சியிலிருந்து. விலை அதிகமான யூனிட்தான் முதலில் போகும். அடுத்த வருடம் இன்னொரு ஏசி வாங்கப் போகிறீர்கள், அல்லது மின்சார ஸ்கூட்டர் வரப் போகிறது என்றால் மூன்று போடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு போதும்.

100 யூனிட் இலவசம் இருப்பதால் சிறு வீடுகளுக்கு சோலார் தேவைப்படவே இல்லை. மொட்டைமாடி சோலாரில் குஜராத் முந்திப்போய் நாம் பின்தங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த இலவசத்தைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டு ஃபேன், நாலு லைட் உள்ள வீட்டுக்கு அது பெரிய ஆறுதல்.

மானியம் பற்றிச் சுருக்கமாக. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிஎம் சூர்ய கர் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதற்கு 18,000. மூன்றுக்கு மேல் எவ்வளவு போட்டாலும் 78,000-தான். இதற்கு மத்திய அரசு வைத்துக்கொண்ட அடிப்படை விலை முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 50,000. நம் ஊர்க் கடைவிலை அதைவிட மேலேதான் நிற்கும். பேனலை ஆள் உயரத்துக்குத் தூக்கிக் கட்டச் சொன்னால் இன்னும் ஏறும். பணம் தடைபடும் இடங்கள் இரண்டு. ஒன்று பெயர்: ஈபி இணைப்பு இன்னும் தாத்தா பெயரிலோ வீட்டை விற்றவர் பெயரிலோ இருந்தால் முதலில் பெயர் மாற்றுங்கள், பிறகு விண்ணப்பியுங்கள். இன்னொன்று பேனல்: இந்தியாவில் செய்த செல்லை (வெளிச்சத்தை மின்சாரமாக்கும் சிறு தகடு) கொண்டு இந்தியாவில் செய்த பேனலாக இருக்க வேண்டும். வெளிநாட்டு செல்லை இங்கே கோத்த பேனல் விலை குறைவு, ஆனால் மானியம் கிடைக்காது. கொட்டேஷனில் 'டிசிஆர் பேனல்' (இப்படி முழுக்க உள்நாட்டில் செய்த பேனலின் பெயர்) என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு, மாடிக்கு ஏற்றும் முன்பே ஒவ்வொரு பேனலின் சீரியல் எண்ணையும் போட்டோ எடுத்து வையுங்கள். தமிழ்நாட்டிலேயே இப்போது பேனல் தொழிற்சாலைகள் உண்டு. திருநெல்வேலி அருகே கங்கைகொண்டானில் டாடா பவரின் டிபி சோலார் செல்லும் பேனலும் செய்கிறது. ஸ்ரீபெரும்புதூர் அருகே பிள்ளைப்பாக்கத்தில் ஃபர்ஸ்ட் சோலார் 2024 ஜனவரியில் திறந்த ஆலை சிலிக்கான் இல்லாத மென்படலப் பேனல் செய்வது; அது பெரும்பாலும் பெரிய நிலையங்களுக்கானது.

இனி யூனிட் போகும் வழிகள்.

சூடு. 540 வாட் மோனோ பேனலின் விவரத்தாளில் டிகிரிக்கு மைனஸ் 0.35 சதவீதம் என்று ஓர் எண் இருக்கும். ஏப்ரல் மதியம் பேனலின் உள்ளே செல் 65 டிகிரியைத் தொடும். 25-லிருந்து 40 டிகிரி ஏறியாயிற்று. 14 சதவீதம் அங்கேயே போயிற்று. மே மாத வெயிலைப் பார்த்து, அதுதான் அறுவடைக் காலம் என்று பலர் நினைக்கிறார்கள். பிப்ரவரி, மார்ச்தான் நல்ல மகசூல். வெளிச்சமும் இருக்கும், சூடும் குறைவு. நவம்பர், டிசம்பரில் வடகிழக்குப் பருவமழையால் பாதியாகக்கூட இறங்கும். தகரக் கூரையில் பேனலை ஒட்டிப் படுக்க வைத்தால் அடியில் காற்று போகாது, சூடு இன்னும் ஏறும். நாலு அங்குலமாவது இடைவெளி வேண்டும். டாப்கான் என்ற புதிய வகைப் பேனலில் இந்த இழப்பு டிகிரிக்கு 0.30 அளவுக்குக் குறைகிறது. விலை வித்தியாசம் பெரிதாக இல்லாவிட்டால் நம் ஊருக்கு அதுதான் நல்லது.

நிழல். ஆறு பேனலைத் தொடராகக் கோத்தால் எல்லாவற்றிலும் ஓடும் கரண்ட் ஒன்றே. வாய்க்காலில் ஓரிடத்தில் மண் சரிந்தால் கடைமடைக்கு அந்த அளவு தண்ணீர்தான் போகும் இல்லையா, அப்படித்தான். இதைச் சமாளிக்க ஒவ்வொரு பேனலிலும் மூன்று பைபாஸ் டயோடு இருக்கும். நிழல் விழுந்த மூன்றில் ஒரு பகுதியைச் சுற்றிக்கொண்டு கரண்ட் போகும். ஒரு தென்னங்கீற்றின் நிழல் குறுக்கே விழுந்தால் மூன்று பகுதியும் போகலாம்.

நம் அட்சரேகையில் நிழலுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். அப்போது காலை ஒன்பதிலிருந்து மாலை மூன்று வரை நிழல் படாமல் இருக்க, பேனலுக்குத் தெற்கே உள்ள தண்ணீர் டேங்க் பேனலைவிட எவ்வளவு உயரமோ, அவ்வளவு தூரம் தள்ளி நிற்க வேண்டும். சென்னைக்கு இது கிட்டத்தட்ட ஒன்றுக்கு ஒன்று. இதுவரை எல்லோரும் பார்க்கிறார்கள். விட்டுவிடுவது வடக்குப் பக்கத்தை. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை சென்னையில் நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே இருக்கும். காலையிலும் மாலையிலும் இன்னும் வடக்கே. அந்த நாலு மாதம் நிழல் தெற்கு நோக்கி விழும். மாடிப்படி ஹெட்ரூமின் தெற்குச் சுவரை ஒட்டிப் பேனலை வைத்தால் ஜூனில் காலையும் மாலையும் அதன் நிழல் பேனலில்தான். ஜனவரியில் அளந்துவிட்டுப் போனவர் இதைப் பார்த்திருக்க மாட்டார்.

சாய்வு கன்னியாகுமரியில் 8 டிகிரி, சென்னையில் 13 என்று கணக்கு சொல்லும். பத்துக்குக் கீழே போக வேண்டாம். போனால் மழைத் தண்ணீர் வழிந்தோடாமல் கீழ் விளிம்பில் தங்கி, காய்ந்து, மண் பட்டையாகப் படியும். அந்தப் பட்டையும் நிழல்தான். கழுவுவதற்குப் போர் தண்ணீர் வேண்டாம். உப்பு அதிகமாக இருந்தால் கண்ணாடியில் வெள்ளைப் படிவு பிடித்து, பிறகு தேய்த்தாலும் போகாது. மழைத்தண்ணீரோ ஆர்ஓ கழிவு கலக்காத நல்ல தண்ணீரோ போதும், மென்மையான துணி, சோப்பு வேண்டாம். விடியற்காலையில் கழுவுங்கள். மதியச் சூட்டில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் கண்ணாடியில் விரிசல் விழலாம். பேனல் மேல் ஏறி நிற்கவே கூடாது. கண்ணாடி உடையாவிட்டாலும் உள்ளே செல்லில் மயிரிழை விரிசல் விழும். அது கண்ணுக்குத் தெரியாமல் வருடக்கணக்கில் யூனிட்டைத் தின்னும்.

கனெக்டர். சோலாரில் தீ பிடித்தது என்று கேள்விப்பட்டால் முதலில் சந்தேகிக்க வேண்டிய பொருள் பேனல் கம்பிகளை ஒன்றோடொன்று மாட்டும், விரல் நீளமுள்ள எம்சி4 என்ற கனெக்டர். ஆறு பேனலைத் தொடராகக் கோத்தால் 300 வோல்ட் டிசி, 13 ஆம்பியர். வீட்டு லைனில் வரும் ஏசி கரண்ட் திசை மாறி மாறி ஓடி நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடும், அதனால் தீப்பொறி தானே அணையும். ஒரே திசையில் ஓடும் டிசி தொடாது; பிடித்த பொறி பிடித்தபடி எரியும். எம்சி4-ஐ அதற்கான கிரிம்பிங் டூலால்தான் அழுத்த வேண்டும். கட்டிங் பிளேயரால் நசுக்கி மாட்டினால் அன்றைக்கு வேலை செய்யும். உள்ளே பிடிப்பு அரைகுறை; நாள்தோறும் மதியம் சூடாகி, ராத்திரி ஆறி, சூடாகி, ஆறி, ஒரு கோடையில் உருகும். ஒரு கம்பெனியின் ஆண் கனெக்டரை இன்னொரு கம்பெனியின் பெண் கனெக்டரில் சொருகுவதும் இதே ஆபத்துதான். கேபிள் 4 சதுர மி.மீ. ஈயம் பூசிய செம்பு, வெயில் தாங்கும் உறை. வேலை முடித்து ஆள் போகும் முன், ஒவ்வொரு இணைப்பையும் கையால் மெல்ல இழுத்துப் பாருங்கள், பேனலின் டிசியை வீட்டு ஏசி மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரை அணைத்து டிசி சுவிட்சையும் அணைத்த பிறகு. ஓடிக்கொண்டிருக்கும்போது எம்சி4-ஐப் பிரிக்கவே கூடாது.

காற்று. பேனல் ஒன்று 28 கிலோ. ஆறும் சேர்த்து 170. அதைத் தாங்க எந்த இரும்பும் போதும். ஆனால் சென்னைக்கு இந்தியத் தர விதி வைத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கி.மீ. அந்தக் காற்று 15 சதுர மீட்டர் பேனலைத் தூக்கும் விசை இரண்டு டன்னுக்கு மேல். ஒரு கன அடி கான்கிரீட் கட்டை 68 கிலோதான். ஆறு கட்டை வைத்தாலும் 400 கிலோ. கட்டையின் எடையை நம்பி சும்மா மாடியில் வைத்துவிட்டுப் போனால், வர்தா மாதிரி ஒரு புயலில் கட்டையோடு போகும். தளத்தில் துளை போட்டு, கெமிக்கல் ஆங்கர் பசை ஊற்றிக் கம்பி நட்டு, அதைச் சுற்றிக் கட்டை வார்க்க வேண்டும். தட்டோடு பதித்த மாடியில் துளை போட்டால் ஒழுகும் என்ற பயம் நியாயம். துளையைச் சுற்றி வாட்டர்ப்ரூஃப் பூசிய பிறகு கட்டை வார்த்தால் ஒழுகாது. பேனலைத் தாங்கும் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) ஸ்ட்ரக்சரை மாடியில் வைத்து வெட்டித் துளையிட்டால், வெட்டிய வாயில் துத்தநாகப் பூச்சு இருக்காது. கடலோர ஊரில் துரு அங்கேதான் தொடங்கும். வெட்டிய இடமெல்லாம் ஜிங்க் பெயின்ட் அடிக்கச் சொல்லுங்கள். நட்டு போல்ட் துருப்பிடிக்காத எஸ்எஸ் 304 எஃகு.

எர்த் மூன்று வேண்டும்: பேனல் சட்டத்துக்கும் ஸ்ட்ரக்சருக்கும் ஒன்று, இன்வெர்ட்டரும் ஏசி பக்கமும் ஒன்று, இடிதாங்கிக்குத் தனியாக ஒன்று. இடிதாங்கிக் கம்பியை மற்றதோடு சேர்த்துவிட்டால் இடி இன்வெர்ட்டர் வழியாக வீட்டுக்குள் வரும். பேனல் கம்பிகள் வந்து சேரும் டிசிடிபி பெட்டியில், இடியின் வேகத்தை வாங்கிக்கொள்ளும் சர்ஜ் கருவியின் சின்ன ஜன்னல் பச்சையாக இருக்கிறதா என்று மழைக்காலம் முடிந்ததும் பாருங்கள். சிவப்பென்றால் அது ஒரு இடியை வாங்கிக்கொண்டு செத்திருக்கிறது, மாற்ற வேண்டும்.

கரண்ட் போனால், மின்வாரிய லைனோடு இணைந்து ஓடும் ஆன்கிரிட் இன்வெர்ட்டரும் நின்றுவிடும். கொளுத்தும் வெயிலில்கூட. லைனில் வேலை செய்யும் ஊழியர் மேல் நம் மாடியிலிருந்து கரண்ட் பாயக் கூடாது என்பதற்காக அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். இதை விற்பவர்கள் முன்பே சொல்லாமல் விடுவது பெரிய தவறு. பவர்கட்டிலும் ஓட வேண்டுமென்றால் பேட்டரியோடு ஹைப்ரிட் இன்வெர்ட்டர் வாங்க வேண்டும், செலவு வேறு.

கரண்ட் இருக்கும்போதே இன்வெர்ட்டர் நிற்பதுதான் கண்டுபிடிக்கக் கஷ்டமானது. திரையில் 'கிரிட் ஓவர் வோல்டேஜ்' என்று வரும், ஒரு நிமிடம் கழித்துத் தானே ஓடும், மறுபடி நிற்கும். நம் மின்சாரம் வெளியே போக வேண்டுமென்றால் நம் வோல்டேஜ் லைனைவிடக் கொஞ்சம் மேலே இருக்க வேண்டும். 3 கிலோவாட்டுக்கு 13 ஆம்பியர். இன்வெர்ட்டரிலிருந்து மீட்டர் 30 மீட்டர் தூரம் என்றால் 2.5 சதுர மி.மீ. கம்பியில் ஏறத்தாழ 6 வோல்ட் ஏற்ற வேண்டும். 6 சதுர மி.மீ. போட்டால் இரண்டரை வோல்ட் போதும். மேல் வரம்பு 230-க்குப் பத்து சதவீதம் மேல், அதாவது 253. மதியம் தெருவில் 248 இருந்தால் மெல்லிய கம்பிக்காரரின் இன்வெர்ட்டர் நிற்கும், தடித்த கம்பிக்காரருடையது ஓடும். மதியம் ஏன் 248? ராத்திரி ஏசி எல்லாம் ஓடும்போது கடைசி வீட்டுக்கு வோல்டேஜ் இறங்கக் கூடாதென்று டிரான்ஸ்ஃபார்மரின் டேப்பை (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) உயர்த்தி வைத்திருப்பார்கள். பகலில் வீடுகள் காலி, லோடு இல்லை. அதே டிரான்ஸ்ஃபார்மரில் இன்னும் நாலு வீட்டில் சோலார் வேறு. மீட்டர் அருகே மதிய வோல்டேஜை ஒரு வாரம் குறித்து, மின்வாரிய ஏ.இ. (உதவிப் பொறியாளர்) அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, டேப் மாற்றக் கேளுங்கள். எண்ணோடு போனால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

ஒரு தெருவில் நடக்கும் இதே சங்கதி மாநில அளவிலும் நடக்கிறது. சோலார் நிலையம் எட்டு மாதத்தில் எழும்பும். அதன் மின்சாரத்தைச் சுமக்கும் உயர் அழுத்த லைனுக்கு வருடங்கள் ஆகும். பகலில் மின்சாரம் மிஞ்சும்போது சோலார் நிலையங்களைக் குறைத்து ஓட்டச் சொல்வதும் நடந்தது. விதிப்படி காற்றாலைக்கும் சோலாருக்கும் முன்னுரிமை உண்டு, கிரிட் பாதுகாப்பு தவிர வேறு காரணத்துக்கு நிறுத்தக் கூடாது. தமிழ்நாட்டில் அப்படி நிறுத்தியது பற்றிய வழக்கில் 2021 ஆகஸ்டில் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் நிலையங்களுக்கு இழப்பீடு தரச் சொன்னது. விளையவிட்டு வீசியெறிந்த யூனிட்டுக்கு மக்கள் பணத்தில் இழப்பீடு. இதைப் படிக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

2024 மே 2 அன்று மாநிலத்தின் உச்சத் தேவை 20,830 மெகாவாட். அந்தக் கோடைப் பகல்களைக் கடக்க சோலார் பெரிய துணை. ஆனால் நாலு மணிக்கு மேல் சோலார் சரசரவென்று இறங்கி ஆறரைக்குப் பூஜ்யமாகும். அதே நேரத்தில் வீடுகளில் லைட்டும் ஏசியும் ஏறும். இடைவெளியை நிரப்ப நம்மிடம் ஏற்கெனவே நல்ல வழி ஒன்று இருக்கிறது. ஆனைமலையில் கடம்பாறை, 400 மெகாவாட், 1980-களின் கடைசியில் வந்தது. மிஞ்சும் மின்சாரத்தில் தண்ணீரை மேலணைக்கு ஏற்றி, தேவைப்படும்போது திறந்துவிட்டு மின்சாரம் எடுக்கலாம். நீலகிரியில் குந்தா நீரேற்று நிலையம் இன்னொரு 500 மெகாவாட்டுக்கு எனத் திட்டமிடப்பட்டது. சோலார் பத்தாயிரத்தைத் தாண்டிய மாநிலத்துக்கு இவை பத்தாது. இனி போடும் ஒவ்வொரு ஆயிரம் மெகாவாட்டோடும் சேமிப்பும் சேர்ந்தே வர வேண்டும்.

வீட்டளவில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தண்ணீர் மோட்டாரைக் காலை ஆறு மணிக்குப் போடுவது நம் வழக்கம். அதைப் பன்னிரண்டு மணிக்கு மாற்றுங்கள், வாஷிங் மெஷினையும். நெட் மீட்டர் வீட்டில் பில் அதே பில்தான். ஆனால் ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது அந்த முக்கால் கிலோவாட் வெளியே போகாது, மீட்டர் முனையில் வோல்டேஜ் இறங்கும், 253-ஐத் தொட்டுத் தொட்டு நின்ற இன்வெர்ட்டர் நிற்காமல் ஓடும். மாதக் கடைசியில் இன்வெர்ட்டர் ஆப்பில் வரும் மொத்த யூனிட்டைக் கிலோவாட்டாலும் நாட்களாலும் வகுத்துப் பாருங்கள். மார்ச்சில் நாலரைக்குப் பக்கத்தில் வந்தால் எல்லாம் சரி. மூன்றுக்குக் கீழே போனால் அன்றைக்கே மாடி ஏறிப் பாருங்கள்.